நத்தைக் கிண்ணம்

டொராண்டோ
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மாலதிக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? குறுவைக்குத் தண்ணீர் நேரத்தோடு வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசினால் போன தடவை மாதிரி ஆகிவிடும் என்பதால் எழுதுகிறேன். போன கார்த்திகையில் அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு நான் வராததற்கு நீங்கள் திட்டியதெல்லாம் மனசிலேயே இருக்கிறது. லீவு கிடைக்கவில்லை அக்கா. நம்பினால் நம்புங்கள்.

விஷயம் இதுதான். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தை மாதம் ஒரு கண்காட்சி வைக்கிறோம். ஆளுக்கொரு பரம்பரைப் பொருள் காட்ட வேண்டும். நம் மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறதே, யாளி போட்ட பெரிய ஜாடி, அதைத்தான் நான் சொல்லியிருக்கிறேன். தஞ்சாவூர் அரண்மனையில் ரெங்கசாமித் தாத்தாவுக்குக் கொடுத்தது என்றதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கப்பலில் எடுத்துவர இங்கிருந்தே ஆள் ஏற்பாடு செய்கிறேன். அரண்மனையில் எந்த வருஷம், எதற்காகக் கொடுத்தார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். சித்தப்பாவைக் கேட்டால் சொல்வார்.

அப்பாவின் விபூதிக் கிண்ணம் என் பூஜை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. காலையில் குளித்துவிட்டு அதில் விரல் வைத்தால்தான் எனக்கு அன்றைய பொழுது தொடங்கும். அப்பா பூசிய விபூதி அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை எடுக்காமல் மேலே புதுசு போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி,
ராஜராஜன்


கீழ்வேளூர்
2 ஜூலை 2025

தம்பி ராஜராஜனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாலதியை முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்க்கச் சொல். நீ வேண்டிக்கொண்டது மேட்டூர் வரைக்கும் எட்டியிருக்கிறது, அணை திறந்துவிட்டார்கள். நம் வாய்க்காலுக்கு இன்னும் எட்டவில்லை. போர்வெல் மோட்டார் ஓட்டித்தான் நாற்றங்காலை நனைக்கிறேன்.

லீவு கிடைக்கவில்லை என்பதை நம்பினால் நம்புங்கள் என்று எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

ஜாடி விஷயமாக சித்தப்பாவைக் கேட்டேன். காலையில் கேட்டபோது ராஜா கொடுத்தார் என்றார். சாயங்காலம் கேட்டபோது ராணி. எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டால் கோபம் வந்துவிட்டது. ஏண்டா ராஜராஜா, உனக்குக் கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? அரண்மனையில் கொடுத்த பொருளை யாராவது மாட்டுக் கொட்டகையில் வைத்துக் கழனித்தண்ணீர் ஊற்றுவார்களா? எவர்சில்வர் கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டி அலமாரியில் பூட்டி வைக்கிற வீடு இது. நமக்கு விவரம் தெரிந்த நாளாய் அந்த ஜாடி ஒரு தடவையாவது வீட்டுக்குள் வந்திருக்கிறதா? கனம், தூக்க முடியாது என்பார்கள். அதைவிடக் கனமான அம்மியும் ஆட்டுக்கல்லும் உள்ளேதான் இருக்கின்றன.

போட்டோ எடுத்துக்கொண்டு கூத்தாநல்லூருக்குப் போனேன். அங்கே ஹம்தான் என்று ஒருவர், பழைய சாமான் வாங்கி விற்கிறவர். போட்டோவைப் பார்த்ததும் சிரித்துவிட்டு உள்ளே போய்த் தன் அம்மா மர்யமை அழைத்து வந்தார். அந்த அம்மா சொன்னது இது: மலாயாவிலிருந்து திரும்பியவர்கள் தண்ணீர் வைக்க இந்த மாதிரி ஜாடியைத்தான் கொண்டுவருவார்கள், அவர்கள் வீட்டிலேயே ஒன்று இருந்தது, சீனக்காரர்கள் செய்தது. அது யாளி இல்லையாம், டிராகனாம். அரண்மனை என்று நான் சொன்னதும் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

நம் வீட்டில் கடல் தாண்டிய முதல் ஆள் நீதான். நம் ஊரிலிருந்து அந்தக் காலத்தில் மலாயாவுக்குப் போனவர்கள் எல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள், நம் பண்ணையில் வேலை செய்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த ஜாடி நம் கொட்டகைக்கு எப்படி வந்தது? விசாரிக்கச் சொன்னவன் நீ. விசாரிக்கிறேன். பதில் பிடிக்கவில்லை என்றால் என் மேல் பாயாதே.

உன் அக்கா,
மேகலா


டொராண்டோ
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இதில் இவ்வளவு தோண்ட என்ன இருக்கிறது? தாத்தா யாரிடமாவது வாங்கியிருப்பார். மலாயா என்றால் மலாயா. அட்டையில் 'தஞ்சை மாவட்டப் பண்ணைக் குடும்பத்தின் பழம்பொருள்' என்று போட்டுவிட்டால் போயிற்று.

அந்தத் தெருவில் போய் இதையெல்லாம் விசாரிக்க வேண்டாம். காலம் கெட்டுக் கிடக்கிறது, சும்மா இருப்பவர்களைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகும். வயசான சித்தப்பாவை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறீர்கள், நாளைக்கு நாற்று நட ஆள் வர வேண்டும். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஆட்கள் வண்டியோடு வருவார்கள். ஜாடியைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்து அனுப்புங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தம்பி,
ராஜராஜன்


கீழ்வேளூர்
17 ஆகஸ்ட் 2025

தம்பி ராஜராஜனுக்கு,

உன் ஆட்கள் வந்தார்கள். டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஜாடி இங்கேதான் இருக்கிறது. ஏன் என்று எழுதுகிறேன், உட்கார்ந்து படி. பாதியில் கிழித்துப் போட்டால் மறுபடியும் எழுதுவேன்.

செந்தாமரை என்று ஒரு பெண், இங்கே வேளாண்மை அலுவலகத்தில் அதிகாரி. மருந்து கூடுதலாக அடித்துவிட்டால் என்னை வரப்பிலேயே நிற்க வைத்துத் திட்டுவாள். எனக்குப் பிடித்தவள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருதான். அவளிடம் போட்டோவைக் காட்டி, உங்கள் தெருவில் மலாயா போனவர்கள் யார் என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. எங்கம்மாவைக் கேளுங்க மேடம், கேட்டுட்டுத் தாங்கிக்க முடியும்னா கேளுங்க என்றாள்.

போனேன். அம்மா பெயர் ராசம்மாள். நாற்காலி போட்டார். என்னை நீ என்றுதான் பேசினார். பேசட்டும், என்னைவிட மூத்தவர்.

ராசம்மாளின் அப்பா காத்தான். நம் தாத்தாவிடம் பண்ணையாளாக இருந்து, அடி பொறுக்காமல் ஓடி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்துத் திரும்பினார். கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் இந்த ஜாடியும். குடிசை வாசலில் ஜாடியை வைத்துத் தண்ணீர் நிரப்பி வைப்பாராம். கோடையில் அந்தத் தெருவே அதில் மொண்டு குடித்திருக்கிறது.

அறுவடை பார்க்கப் போன தாத்தா அந்த வழியாக வந்தார். ஜாடியைப் பார்த்தார். "உனக்கு எதுக்குடா காத்தா இது?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுக் காத்தானே அதைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்து நம் கொல்லையில் இறக்கி வைத்தார். நீ நினைக்கிற மாதிரி தாத்தா வாங்கவில்லை. பார்த்தார், பொறுக்கவில்லை, எடுத்துக்கொண்டார்.

இறக்கிய பிறகுதான் நம் ஆட்களுக்கு உறைத்தது. அந்தத் தெருவில் தண்ணீர் வைத்துக் குடித்த பாத்திரம். வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. அதனால் மாட்டுக்குக் கழனித்தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். தனக்கும் உதவாத பொருளை இன்னொருத்தன் வாசலில் இருக்கக் கூடாது என்பதற்காகவே பிடுங்கிக்கொண்டு வந்து, தொடவும் கூசி, எழுபது வருஷம் மாட்டுச் சாணத்துக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறோம். அதற்கு அரண்மனைக் கதை வேறு.

கிழவி கதை விடுகிறாள் என்று நீ சொல்வாய். கேள். ஜாடியின் கழுத்துக்கு உள்பக்கம் கையை விட்டுப் பார், செய்தவனின் மூன்று விரல் அழுந்திய தடம் இருக்கும் என்றார். சின்னப் பிள்ளையில் தன் விரலை அதில் வைத்து வைத்துப் பார்ப்பாராம். வீட்டுக்கு வந்ததும் கழனித்தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கையை விட்டேன். இருக்கிறது. நம் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாத தடம். அதற்குள் கை விட்டவர்கள் யார் இருக்கிறோம்?

இன்னும் இருக்கிறது. நான் கிளம்பும்போது, மூடி எங்கே என்று கேட்டார். எந்த மூடி என்றேன். ஜாடி காத்தான் தலையில் போக, மூடியை ராசம்மாள் தூக்கிக்கொண்டு அப்பா பின்னாலேயே நடந்திருக்கிறார். அப்போது அவர் குழந்தை. நம் கொல்லைப்படியில் அதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டிலிருந்து ஒரு பையன் வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். மூடியில் தண்ணீர் இல்லை, அதனால் தீட்டும் இல்லை போலிருக்கிறது. பழுப்பு நிறம். மேலே பிடிக்கிற இடத்தில், டிராகன் வாலின் நுனி, மஞ்சளாக ஒரு சுழி. "நத்தை மாதிரி இருக்கும்" என்று தரையில் விரலால் போட்டுக் காட்டினார்.

நத்தைக் கிண்ணம். நீயும் நானும் வைத்த பெயர். அது கிண்ணமே இல்லை ராஜராஜா. மூடி. அதைத் தலைகீழாகப் போட்டு விபூதி கொட்டி வைத்திருந்தோம்.

அந்தப் பையன் யார் என்று கேட்டேன், ராசம்மாள் பெயரைச் சொன்னார். நம் அப்பா.

அப்பாவுக்குத் தெரியும். சாகிற வரைக்கும் தெரியும். சித்தப்பா அரண்மனைக் கதையை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கிண்ணத்தை அம்மாவைக்கூடத் தேய்க்க விட்டதில்லை. ராசம்மாள் இதே ஊரில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தார். தெரிந்திருந்தும் இவர் என்ன செய்தார்? தினமும் பூசிக்கொண்டார். எனக்கு அவர் மேல் வருகிற ஆத்திரத்தைக் கொண்டுபோய்க் கொட்ட அவர் இல்லை. அதனால் உன்னிடம் கொட்டுகிறேன்.

ஜாடியை அவர்களிடம் கொடுக்கப் போகிறேன். மூடியை அனுப்பிவை. செந்தாமரையின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மேகலா


டொராண்டோ
6 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று என்னால் ஆபீஸுக்குப் போக முடியவில்லை. உங்களுக்கு அதில் சந்தோஷம்தானே?

செத்துப்போன மனுஷன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறீர்கள். தாத்தா செய்தது அநியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்பா அன்றைக்குச் சின்னப் பையன். பிறகு அவர் ஏன் அந்தக் கிண்ணத்தைக் கையை விட்டு விடவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? வெட்கத்தில் தினமும் அதைத் தொட்டிருக்கலாம். அதையே ஒரு பிராயச்சித்தமாக நினைத்திருக்கலாம். நீங்கள் அவர் பக்கத்திலேயே இருந்தீர்கள், ஒரு நாளாவது கேட்டீர்களா? இப்போது நீதிபதி மாதிரி உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

நிலத்தை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். அப்பா காரியத்துக்கு வந்தபோது நான் எடுத்துக்கொண்டது அந்தக் கிண்ணம் ஒன்றுதான். பெட்டியில் வைத்தால் உடைந்துவிடும் என்று விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதில் விரல் வைத்தால் எனக்கு அப்பா கை ஞாபகம் வருகிறது. அதையும் கொடு என்று கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

ஜாடியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். என் பங்கையும் கேட்காமல் கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு கொடுங்கள். கிண்ணத்தைத் தரமாட்டேன். கண்காட்சியில் அதைத்தான் வைக்கப் போகிறேன், அப்பா பெயரைப் போட்டு.

ராஜராஜன்


கீழ்வேளூர்
14 அக்டோபர் 2025

ராஜராஜனுக்கு,

குறுவை அறுத்தாகிவிட்டது. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவைத்துவிட்டு, ஈரப்பதம் கூடுதல் என்று கேட்டுக்கொண்டு, தார்ப்பாயைப் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். தலைக்கு மேல் மழை. அந்த எரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இந்த எரிச்சல் வேறு.

அப்பாவை ஒரு நாளாவது கேட்டீர்களா என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பிராயச்சித்தம் செய்கிறவன் பொருளை அதற்கு உரியவரிடம் கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். கையில் வைத்துக்கொண்டு செய்வதற்கு என்ன பெயர் என்று நீயே சொல்.

ஜாடியைக் கொடுத்துவிட்டேன். எப்படிக் கொடுத்தேன் என்பதையும் தெரிந்துகொள். கொண்டுவருகிறேன் என்று ராசம்மாளிடம் சொல்லப் போனபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "கொல்லைப் பக்கமா எடுத்துட்டு வராதே. அன்னிக்கு எங்கப்பாவை வாசப் பக்கம் விடல. நடுவீட்டு வழியா, வாசப் பக்கமா எடுத்துட்டு வா."

செந்தாமரையின் தம்பி பரிதி ஆளோடு வந்தான். கொட்டகையிலிருந்து தூக்கி, கொல்லைப்படி ஏறி, அடுப்படி தாண்டி, பூஜை அறைக்கு முன்னால் போய், கூடத்துக்கு வந்தார்கள். சித்தப்பா நடுக்கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நகர மாட்டேன் என்றார். குடும்ப மானத்தைத் தெருவில் கொண்டு போகிறாயே என்று கத்தினார். நாற்காலியோடு அவரை நான்தான் இழுத்து ஓரமாக விட்டேன். என் கை இன்னும் வலிக்கிறது. அவர் அன்றைக்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டார், கும்பகோணத்துக்கு. ஜாடி வாசல் வழியாக வெளியே போயிற்று. தெருவில் நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். இப்போது என் வீட்டுக்கு யாரும் காபிக்கு வருவதில்லை, பால் மிச்சம்.

யாரும் எனக்கு மாலை போடவில்லை. செந்தாமரை நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நான் கழுவித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன், ராசம்மாள் என் கையைத் தள்ளிவிட்டார். புளியும் செங்கல் தூளும் போட்டு அவரே தேய்த்தார், மகளைக்கூடத் தொட விடவில்லை. பிறகு உள்ளே கையை விட்டுத் தடவித் தடவி அந்தத் தடத்தைக் கண்டுபிடித்தார். விரல் கணுவெல்லாம் வீங்கிப்போய் இருக்கிறது, அதில் இறங்கவில்லை. கையை எடுக்காமலே வெகுநேரம் இருந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வெளியே போய் நின்றேன்.

மூடியைக் கேட்டார். நான் மறைக்கவில்லை. கனடாவில் இருக்கிறது, என் தம்பி வைத்திருக்கிறான், எங்கள் அப்பா கடைசி வரைக்கும் அதில்தான் விபூதி வைத்துப் பூசினார், தம்பி தர மாட்டேன் என்கிறான் என்று சொன்னேன். செந்தாமரைக்கு வந்த கோபத்துக்கு அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ராசம்மாள் மட்டும், அவர் நெற்றியில் பூசினதெல்லாம் அதிலிருந்தா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு நான் குடுக்கல. கையிலேருந்து வாங்கினாங்க. இன்னிக்கு நான் குடுக்கறேன். உன் தம்பியை வச்சுக்கச் சொல்லு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாம், அவனிடமிருந்து நான் எப்படியாவது வாங்கித் தருகிறேன் என்றேன். அதுக்கு நீ யாரு என்று கேட்டார். உண்மைதானே. என் பொருளா, உன் பொருளா?

ஆகவே ராஜராஜா, இனி நான் கேட்க மாட்டேன். கேட்கிற உரிமையே எனக்கு இல்லை. கிண்ணம் இப்போதுதான் முதல் தடவையாக உன்னுடையது ஆகியிருக்கிறது. ஆனால் கண்காட்சியில் வைக்கும்போது அப்பா பெயரைப் போடாதே. காத்தான் மகள் ராசம்மாள் கொடுத்தது என்று எழுது. தினமும் காலையில் அதில் விரல் வைக்கும்போதும் அதை ஒரு தடவை சொல்லிவிட்டு வை. அவர் இதைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

கார்த்திகையில் அப்பா திதி. வந்தால் வா. கதவு திறந்துதான் இருக்கும்.

மேகலா


டொராண்டோ
23 நவம்பர் 2025

மேகலா அவர்களுக்கு,

மூடியை இன்று பார்சலில் அனுப்பிவிட்டேன், நீங்கள் கொடுத்த செந்தாமரை விலாசத்துக்கு. பஞ்சு வைத்துச் சுற்றியிருக்கிறேன், உடையாது.

நீங்கள் சொன்னதற்காக அனுப்பவில்லை. நீங்கள் சண்டை போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் நானும் சண்டை போட்டுக்கொண்டே கடைசி வரைக்கும் வைத்திருந்திருப்பேன். அவர்கள் கொடுத்து, நான் வாங்கி, அதிலிருந்து எடுத்துப் பூசிக்கொள்வது என்னால் முடியவில்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையில் குளித்துவிட்டுப் போய் நின்றேன், கை போகவில்லை. அதற்கு நீங்கள் என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தாத்தா பேரன் என்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். திதிக்கு இந்த வருஷம் லீவு கிடைத்தது. வரவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

அடியில் இருந்த விபூதியை மட்டும் வழித்து ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன். அது அப்பாவுடையது.

ராஜராஜன்